எச்.ஓ.வா (HO), என் (N) அளவா? அகலப்பாதை ரயிலை வீட்டுக்குள் கொண்டுவரும் கணக்கு

மாதிரி ரயில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் எச்.ஓ. (நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு) தொடக்கப் பெட்டியை முதலில் வாங்குகிறார்கள். வளைவுத் தண்டவாளம், ஒரு குட்டி இன்ஜின், மூன்று வேகன் என்று எல்லாம் அதில் இருக்கும். ஓடவும் செய்யும். அதே வளைவில் ஓர் எல்.எச்.பி. பெட்டியை (நம் எக்ஸ்பிரஸ்களில் ஓடும் நீளமான பயணிகள் பெட்டி) ஏற்றியதும் சிக்கல் தொடங்குகிறது. பெட்டியின் வயிறு உள்பக்கம் துருத்தி நடைமேடையில் உரசுகிறது, கப்ளிங் இழுபட்டுப் பெட்டி தடம் புரள்கிறது. எச்.ஓ.வில் குறை ஒன்றும் இல்லை. நம் ரயில் பெட்டிகள் நீளம், வீட்டில் இடம் குறைவு. அதனால் அளவைத் தேர்ந்தெடுக்க இன்ஜினைப் பார்க்கக் கூடாது, பெட்டியின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

எச்.ஓ. 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. என் (N என்ற எழுத்து) அளவு 1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ. (பிரிட்டிஷ் என் 1:148, ஜப்பானில் குறும்பாதை ரயில்களுக்கு 1:150. ஒரே தடத்தில் எல்லாம் ஓடும், ஆனால் கலந்து நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும்.) பிரிட்டிஷ் ஓ.ஓ. 1:76-ம் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. நம் அகலப்பாதை 1:76-ல் 22 மி.மீ. வர வேண்டும் என்பதால், அதில் தடம் கால் பங்கு ஒடுங்கிப்போகும். ஓ.ஓ.வை இங்கேயே விட்டுவிடலாம்.

நம் 1676 மி.மீ. பாதை எச்.ஓ.வில் 19.3, என் அளவில் 10.5 மி.மீ. இருக்க வேண்டும். கிடைப்பது 16.5-ம் 9-ம். இரண்டும் 1435 மி.மீ. பாதைக்காக வகுத்தவை, ஆகவே இரண்டிலும் தடம் ஒரே விகிதத்தில், ஏறக்குறைய 14 சதவீதம் ஒடுங்குகிறது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் மட்டும் பெட்டி தடத்துக்குக் கொஞ்சம் அகலமாகத் தெரியும். இந்தக் குறையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பெட்டியின் கணக்கு

எல்.எச்.பி. பெட்டி முனைக்கு முனை 24 மீட்டர், அகலம் 3.24 மீட்டர். டபிள்யூ.ஏ.பி-7 மின்சார இன்ஜின் சுமார் 20.5 மீட்டர்.

| | எச்.ஓ. | என் |
|---|---|---|
| ஒரு பெட்டி | 276 மி.மீ. | 150 மி.மீ. |
| இன்ஜின் + 8 பெட்டி | 2.44 மீ. | 1.33 மீ. |
| இன்ஜின் + 22 பெட்டி | 6.3 மீ. | 3.4 மீ. |
| ஓடக்கூடிய ஆரம் (பெட்டி நீளம் × 2.5) | 690 மி.மீ. | 375 மி.மீ. |
| பார்க்க லட்சணமான ஆரம் (× 3) | 828 மி.மீ. | 450 மி.மீ. |

எட்டுப் பெட்டி போட்ட எச்.ஓ. ரயில் 2.44 மீட்டர். அதாவது எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகையின் முழு நீளம். அந்தப் பலகையில் விளிம்பில் இடம் விட்டு அடிக்கக்கூடிய மிகப் பெரிய ஆரம் 560 மி.மீ. அளவில் நின்றுவிடும். அது பெட்டி நீளத்தைப் போல் இரு மடங்குதான். அந்த நீள்வட்டத்தின் சுற்றளவே ஆறு மீட்டருக்கும் குறைவு, ரயில் அதில் ஐந்தில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளும். ரயில் எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை, தன் வாலைத் தானே துரத்துகிறது.

என் அளவுக்கு அதே பலகையில் 500 மி.மீ. ஆரம் தாராளமாக வரும், பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். மரக்கடையில் கிடைக்கும் ஏழுக்கு மூன்று அடி ஃபிளஷ் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டாலே 400 மி.மீ. ஆரம் அடித்துவிடலாம். கதவு வளையாது, சட்டம் அடிக்கத் தேவையில்லை, வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைக்கலாம். ஃபிளாட் வீட்டுக்கு இதைவிட எளிய அடித்தளம் இல்லை.

வளைவில் பெட்டி துருத்துவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்.எச்.பி.யில் போகி (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மையங்களுக்கு இடையே 14.9 மீட்டர். எச்.ஓ.வில் 560 ஆரத்தில் பெட்டியின் நடுப்பகுதி 6.5 மி.மீ. உள்ளே துருத்தும், முனை 10.5 மி.மீ. வெளியே போகும். பெட்டியின் அகலம் 37 மி.மீ. மூன்றையும் கூட்டினால் 54. பழைய இருவழிப் பாதைகளின் 4.265 மீட்டர் இடைவெளியை அளவுமாறாமல் எச்.ஓ.வுக்குச் சுருக்கினால் 49 மி.மீ. வரும். வளைவில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் கட்டாயம் மோதும். இப்போது புதுப் பாதைகளுக்கு வகுத்திருக்கும் 5.3 மீட்டரை எடுத்தால் 61 மி.மீ., தப்பிக்கலாம். என் அளவில் அதே 5.3 மீட்டர் 33 மி.மீ. ஆகிறது. கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் என்ற ஆயத்தத் தண்டவாளத்தின் இருவழி இடைவெளியும் சரியாக 33 மி.மீ. தற்செயல்தான், ஆனாலும் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டினாலே இந்திய இருவழிப் பாதை அமைந்துவிடுகிறது.

மேம்பாலமும் இதே கதைதான். ஒரு தடம் இன்னொன்றின் மேல் ஏறிக் கடக்க எச்.ஓ.வில் 75 மி.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் ஓடவேண்டும். என் அளவில் 42 மி.மீ. போதும், 2.1 மீட்டரில் ஏறிவிடும். மின்கம்பி போடுவதாக இருந்தால் இரண்டிலும் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொடுகம்பி மட்டுமே தண்டவாளத்துக்கு மேல் ஐந்தரை மீட்டரில் இருக்கிறது, எச்.ஓ.வில் அது 63 மி.மீ.

எச்.ஓ. வெல்லும் இடம்

இதுவரை எல்லாம் என் அளவின் பக்கம். கையில் வேலை செய்யத் தொடங்கியதும் தராசு மறுபக்கம் சாய்கிறது.

முதலில் தண்டவாளம். நம் 60 கிலோ தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ. எச்.ஓ.வில் அது 1.98 மி.மீ. ஆகும். கோட் 75 தண்டவாளம் 1.9 மி.மீ., கிட்டத்தட்ட அச்சு அசல். (கோட் என்பது தண்டவாள உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு.) என் அளவில் 1.08 மி.மீ. இருக்க வேண்டும். கோட் 80 போட்டால் 2.03 மி.மீ., ஏறக்குறைய இரு மடங்கு. பக்கத்திலிருந்து புகைப்படம் எடுத்தால் ரயில் சுவர்மேல் ஓடுவதுபோல் இருக்கும். என் அளவுக்குப் போகிறவர்கள் கோட் 55 வாங்குவதே நல்லது. பீக்கோ நிறுவனத்தின் கோட் 55-ல் தண்டவாளத்தின் அடிப்பாதி கட்டைக்குள் புதைந்திருப்பதால் உறுதியும் குறையாது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப்பிடித்த பழுப்பு நிறம் பூசி, ஜல்லியைக் கட்டையின் மேல்மட்டம் வரை நிரப்பினால் உயரம் இன்னும் அடங்கித் தெரியும்.

அடுத்தது ஜன்னல். இந்திய ரயில் என்று ஒரே பார்வையில் சொல்லவைப்பது ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் கம்பிகள். பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய தொழிற்சாலையின் பெட்டிகள் அவை. கம்பி ஒன்றரை செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் எச்.ஓ.வில் 0.17 மி.மீ., என் அளவில் 0.09 மி.மீ. முப்பரிமாண அச்சில், ரெசின் இயந்திரமானாலும், 0.3 மி.மீ.க்குக் குறைந்த கம்பி கழுவும்போதே ஒடிந்துவிடும். எச்.ஓ.வில் இதற்கு வழி உண்டு. ஜன்னலை வெற்றாக அச்சிட்டு, 0.2 மி.மீ. பித்தளைக் கம்பியை உள்பக்கம் நீளவாக்கில் இழுத்து, ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும் துளி சயனோ பசை வைத்தால் போதும். சயனோ பசையை அதிகம் வைத்தால் அதன் ஆவி பக்கத்தில் வெள்ளைப் பூச்சாகப் படியும், ஆகவே கம்பி வேலை முடிந்து ஒரு நாள் கழித்தே கண்ணாடித் தகடு ஒட்டுங்கள். என் அளவில் கம்பி இழுப்பது வீண் வேலை. தெளிவான ஃபிலிமில் மெல்லிய சாம்பல் கோடுகளாக அச்சடித்து உள்ளே ஒட்டுவதுதான் எடுபடும்.

இந்திய வடிவ மாதிரிகள் ஆயத்தமாகக் கிடைப்பதும், கிடைக்காதபோது வேறு நாட்டு மாதிரியின் அடிச்சட்டத்தில் உடலை மாட்டுவதும் எச்.ஓ.வில் எளிது. டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜின் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் சமச்சீர் இல்லாத மூன்று அச்சு ட்ரைமவுண்ட் போகி அமெரிக்க ஆர்.எஸ்.டி-5 இன்ஜினிலும் உண்டு, அந்த மாதிரியின் போகியைக் கொண்டு தொடங்கலாம். டிகோடரும் (இன்ஜினுக்கு வரும் கட்டளையைப் படிக்கும் மின்னணுத் தகடு) ஒலிபெருக்கியும் உள்ளே வைக்க எச்.ஓ. உடலில் இடம் இருக்கிறது. என் அளவில் பெரும்பாலும் உலோக எடையைச் செதுக்கித்தான் இடம் பிடிக்க வேண்டும், செதுக்கிய அளவுக்கு இழுவை குறையும்.

எடைதான் என் அளவின் உண்மையான பலவீனம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி 276 மி.மீ. எச்.ஓ. பெட்டிக்குச் சுமார் 180 கிராம் வேண்டும், 150 மி.மீ. என் பெட்டிக்கு 39 கிராம். இவ்வளவு லேசான வண்டியில் சக்கரத்தின் அடியில் ஒரு தூசி இருந்தாலே மின்தொடர்பு அறுந்துவிடும். நம் ஊர்த் தூசியில், ஜன்னல் திறந்திருக்கும் அறையில், என் தளம் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுத் துணியால் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பாயின்ட்ஸின் (தடம் பிரியும் இடத்தின்) நடுமுனை மின்சாரம் பாயும் வகையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நடுமுனையில் குட்டை இன்ஜின் நின்றுவிடும்.

வெயில் இரண்டுக்கும் எதிரி

மொட்டைமாடி அறையில் காலைக்கும் நடுப்பகலுக்கும் 20 பாகை வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு கெஜம், அதாவது 914 மி.மீ. நிக்கல்-சில்வர் தண்டவாளம் இந்த வெப்பத்தில் 0.3 மி.மீ. நீளும். காலைக் குளிர்ச்சியில் தடம் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் தேவையில்லை. எல்லா இணைப்பையும் ஈயப்பற்று வைத்து இறுக்கிவிட்டால் நடுவில் தடம் நெளியும். எச்.ஓ. சக்கரம் சிறு நெளிவைப் பொறுத்துக்கொள்ளும், என் சக்கரம் இறங்கிவிடும். வளைவில் உள்ள இணைப்புகளை மட்டும் பற்றவைத்து, நேர்த்தடத்தில் தளர்வாக விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின்கம்பி கொடுப்பதே முறை. மரத்தை மழைக்கால ஈரம் இதைவிட அதிகமாக அசைக்கும். பிளைவுட்டின் ஆறு பக்கமும், அறுத்த விளிம்பு உட்பட, வார்னிஷ் அடித்த பிறகே தடம் போடுங்கள்.

பற்றவைக்கும்போது என் அளவுக்கு 25 வாட் இரும்பு போதும், எச்.ஓ.வுக்கு 40. இரும்பை இரண்டு வினாடிக்கு மேல் வைத்தால் கட்டை உருகித் தட அகலம் மாறிவிடும். பற்றவைக்கும் இடத்தின் இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் சூடு பரவாது.

நீலகிரி என்றால் கணக்கே வேறு

மேட்டுப்பாளையம்–உதகை ரயில்தான் வேண்டும் என்பவர் மேலே சொன்ன நீளக் கணக்கை மறந்துவிடலாம். மீட்டர் பாதை, குட்டிப் பெட்டிகள், சுருக்கமான வளைவுகள். எச்.ஓ.எம். என்ற 12 மி.மீ. தடம் 1:87-ல் 1044 மி.மீ.க்குச் சமம், பிழை வெறும் நான்கு சதவீதம். அகலப்பாதையில் நமக்குக் கிடைக்காத துல்லியம் இதில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக இந்த அளவில் பற்சட்டத் தடமும் (இன்ஜினின் பற்சக்கரம் பற்றி ஏறும் தடம்) விற்பனைக்கு உண்டு. நம் நீலகிரி ரயிலின் எக்ஸ் வகுப்பு இன்ஜின்களின் தாயகமும் அந்த நாடுதான், விண்டர்தூர் நகரின் எஸ்.எல்.எம். நிறுவனம். கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையிலான உச்ச ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. ஒரு மீட்டர் நீளத்தில் 83 மி.மீ. ஏறும். மூன்று மீட்டர் சுவர் ஓரத்தில் கால் மீட்டர் உயர மலை எழுந்துவிடும். இன்ஜினைக் கீழ்முனையில் வைத்துப் பெட்டிகளைத் தள்ளவிடுங்கள், அங்கே நிஜத்திலும் அப்படித்தான்.

என் அளவிலும், இசட் (Z) என்ற இன்னும் சிறிய அளவுக்கான தண்டவாளத்தின் 6.5 மி.மீ. கணக்குக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சின்ன உடலில் பற்சக்கரம் பொருத்துவது கடிகாரக்காரர் வேலை, பரிந்துரைக்க மாட்டோம்.

அகலப்பாதைக்கு வந்தால், முழு நீள எக்ஸ்பிரஸ் வயல்வெளியைக் கடந்து போவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர் என் அளவை எடுக்கட்டும். பெட்டியைத் தானே கட்டிப் பார்க்க விரும்புகிறவரும், இன்ஜின் ஷெட்டோ ஷண்டிங் யார்டோ போதும் என்பவரும் எச்.ஓ. எடுக்கலாம். மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை அடி அகலம் கொண்ட அலமாரித் தளத்தில் வளைவே இல்லாமல் மூன்று பெட்டி, இரண்டு இன்ஜின், ஐந்து பாயின்ட்ஸ் வைத்து மணிக்கணக்கில் ஓட்டலாம். விலையை வைத்து என் அளவை எடுக்காதீர்கள். பெட்டி பாதிதான், விலை பாதி ஆகாது. வாங்குவதற்கு முன் 276 மி.மீ.யிலும் 150 மி.மீ.யிலும் எட்டெட்டு அட்டைத் துண்டுகள் வெட்டி, ரயில் வரப்போகும் அறையின் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள்.