கிரிட் பார்வை: நெடுநாள் புழக்கத்தில் தெரிய வந்தவை

ஏர்டேபிள், நோஷன், இன்ஃபோக்யூப், அப்சிடியனின் பேசஸ், ஈமாக்ஸின் ஆர்க் மோட் என்று தனிப்பட்ட தகவல்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருள் எதைத் திறந்தாலும் அதில் ஒரு கிரிட் பார்வை உண்டு. வரிக்கு ஒரு குறிப்பு, நெடுவரிசைக்கு ஒரு புலம் (தலைப்பு, நிலை, தேதி போன்ற ஒரு விவரம்). பார்ப்பதற்கு எக்செல் தாள் மாதிரியே இருப்பதால் கையும் எக்செல் பழக்கத்திலேயே போகும். பாதித் தொல்லை அதிலிருந்துதான் வருகிறது. தாளில் தெரிவதுதான் தரவு. கிரிட்டில் தெரிவதோ, கிடங்கில் கிடப்பதில் ஒரு கேள்விக்குப் பொருந்தியவை மட்டும். நெடுவரிசையை மறைத்தால் அந்தப் பார்வையில் மட்டும் மறையும். புலத்தையே நீக்கினால் எல்லாப் பார்வைகளிலிருந்தும் மதிப்புகளோடு சேர்ந்து போய்விடும். இந்த இரண்டு கட்டளைகளும் பல மென்பொருள்களில் ஒரே மெனுவில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. நிதானமாகப் படித்துவிட்டுச் சொடுக்குங்கள்.

2025இல் வந்த பேசஸில், தரவு வேறு பார்வை வேறு என்ற இந்தப் பிரிவு வெளிப்படையாகவே தெரியும். மதிப்புகள் ஒவ்வொரு குறிப்புக் கோப்பின் தலைப்பகுதியிலும் இருக்கின்றன. பேசஸ் கோப்பில் இருப்பது ஃபில்டர் (எந்த வரிகள் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை), வரிசை, நெடுவரிசை போன்ற பார்வை விவரம் மட்டுமே. அதை அழித்தாலும் குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. மற்ற மென்பொருள்களையும் இதே கண்ணோடு பார்த்தால் குழப்பம் குறையும்.

எண்ணம் ஒன்றும் புதிதல்ல. 1988இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் வந்த லோட்டஸ் அஜெண்டாவில் குறிப்பை ஒரு வரியாகத் தட்டினால், அதிலுள்ள சொற்களையும் தேதியையும் பார்த்து அது தானே வகைகளில் போய்ச் சேரும். பார்வையின் நெடுவரிசைகள் அந்த வகைகளே. 1993இல் வந்த எக்கோ, அவுட்லைனுக்கு (தாய்-கிளையாக விரியும் குறிப்புப் பட்டியலுக்கு) பக்கத்திலேயே நெடுவரிசைகளை ஒட்டிக் காட்டியது. அதன் மேம்பாடு 1997இல் நின்றுபோனது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் புதுமை என்று காட்டப்படுவதில் கணிசமான பங்கு இந்த இரண்டிலும் இருந்ததுதான்.

கிரிட்டை மேம்படுத்துவது என்றால் நெடுவரிசை சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அனுபவத்தில் அது நேர் எதிர். ஒரு கிரிட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்கு உதவாத நெடுவரிசையை மறைத்துவிட வேண்டும். 'இந்த வாரம் எதைத் தொட வேண்டும்' என்பதை எடுத்துக்கொள்வோம். 1366 பிக்சல் அகலத் திரையில் பக்கப்பட்டிக்கு 240 போனால் மீதி சுமார் 1120. தலைப்புக்கு 420, நிலைக்கு 110, கெடுத் தேதிக்கு 110, தொடங்கும் தேதிக்கு 110, இடம் அல்லது சூழலுக்கு 120, நிமிடக் கணக்குக்கு 70. கூட்டினால் 940. மிஞ்சும் 180இல் குறிப்பின் முதல் சில சொற்கள் தெரியும். ஏழு நெடுவரிசை, பக்கவாட்டு உருட்டல் இல்லை. எட்டாவது வந்தால் தலைப்பு சுருங்கும். தலைப்பு சுருங்கினால் வரியைத் திறந்து பார்த்தால்தான் எதுவும் புரியும். அப்புறம் கிரிட் எதற்கு? உருவாக்கிய தேதி, மாற்றிய தேதி, அடையாள எண் இவற்றையெல்லாம் வேறொரு பராமரிப்பு கிரிட்டில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு அகலம் இன்னும் இறுக்கம். 'காத்திருப்பில்', 'ஒத்திவைக்கப்பட்டது' போன்ற நிலைப் பெயர்கள் 110 பிக்சலில் அடங்காது. 'காத்திரு', 'பிறகு', 'செய்', 'முடிந்தது' என்று சுருக்கி வைப்பது நல்லது. வரி உயரத்தை மிகக் குறைத்தால் சில எழுத்துருக்களில் கி, கு வகை எழுத்துகளின் மேல்கீழ் நுனிகள் வெட்டுப்படும். ஒரு படி உயர்த்தினால் சரியாகும்.

அடுத்தது ஃபில்டர். 'நிலை, முடிந்தது அல்ல' என்று போட்டால் முடியாத வேலைகள் எல்லாம் வரும் என்றுதான் எதிர்பார்ப்போம். எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) விதியை அப்படியே பின்பற்றும் மென்பொருளில் சில வராது. நிலை காலியாக இருக்கும் வரியை எந்த மதிப்போடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' ஆகாது, 'இல்லை'யும் ஆகாது. எனவே அந்த வரி விழுந்துவிடும். அவசரத்தில் தட்டிவிட்டு நிலை போடாமல் விட்ட புதுக் குறிப்புகள்தான் இப்படிக் காணாமல் போகும். அதாவது, கட்டாயம் தெரிய வேண்டியவையே தெரியாது. சரியான வடிவம்: (நிலை, முடிந்தது அல்ல அல்லது நிலை காலி) மற்றும் (கெடு, இன்றிலிருந்து 7 நாளுக்குள்). அடைப்புக்குறி முக்கியம். அதை விட்டால் 'மற்றும்' முதலில் பிணையும், 'அல்லது' பிறகு. முடியாத வேலைகள் எல்லாமே, கெடு எப்போது இருந்தாலும், வந்து குவியும். உங்கள் மென்பொருள் காலி செல்லை எப்படி நடத்துகிறது என்று அறிய எளிய வழி, நிலை இல்லாத ஒரு சோதனை வரியைப் போட்டுப் பார்ப்பது.

இதற்குத் துணையாக 'காலி' என்றே ஒரு கிரிட் வைத்துக்கொள்ளலாம்: நிலையோ சூழலோ காலியாக உள்ள வரிகள் மட்டும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி இதைக் காலி செய்தால் மற்ற கிரிட்டுகள் நம்பும்படி இருக்கும். எந்த அலங்காரத்தையும் விட இதனால் கிடைக்கும் பலன் அதிகம்.

செல்லைத் திருத்தியவுடன் வரி மறைந்துபோகிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. அது பிழையல்ல; திருத்திய மதிப்பு ஃபில்டருக்குப் பொருந்தவில்லை, அல்லது வரிசைப்படுத்தலில் வரி வேறிடத்துக்குப் போய்விட்டது. ஆனால் வரிசையாக இருபது வரிகளைத் திருத்தும்போது இது பெரும் எரிச்சல். எந்தப் புலத்தைத் திருத்தப் போகிறீர்களோ அந்தப் புலத்தால் வரிசைப்படுத்தாதீர்கள். உருவாக்கிய தேதி வரிசையில் வைத்துத் திருத்திவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தேதி நெடுவரிசையில் திடீரென 1899-12-30 தெரிந்தால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வகைத் தரவுத்தளத்தில் நாள் எண் பூஜ்யம் என்பது அந்தத் தேதிதான். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் 0 எழுதப்பட்டிருக்கிறது. 1970இலிருந்து நேரத்தை எண்ணும் யூனிக்ஸ் முறையில் அதுவே 1970-01-01 என்று தெரியும். இறக்குமதியின்போது காலி செல் எண்ணாக மாறுவதே பெரும்பாலும் காரணம். 'மீதி நாள்' என்று கணக்கிடும் நெடுவரிசையில் பல்லாயிரம் அளவிலான எதிர்மறை எண்கள் வருவதும் இதனால்தான். சூத்திரத்தில் 'கெடு காலியானால் காலி' என்ற நிபந்தனையை முதலில் போடுங்கள். தேதியை உரைப் புலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் 2025-04-03 என்ற வடிவம் மட்டும். 03/04/2025 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று கணினிக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் தெரியாது.

நேரக் கணக்கில் 1.30 என்று எழுதுவது இன்னொரு பொறி. எண் புலத்தில் அது ஒன்றரை மணி அல்ல, 78 நிமிடம். இரண்டு 1.30 சேர்ந்தால் அடியில் 2.60 என்று கூட்டுத்தொகை வரும். நிமிடமாக 90 என்று எழுதுங்கள். ஆர்க் மோடில் 1:30 என்று எழுதி, நெடுவரிசை வரையறையில் அந்தப் புலத்தின் பெயருக்குப் பின்னால் நெளி அடைப்புக்குள் முக்காற்புள்ளி போட்டால் மணிக் கணக்காகவே கூட்டும். அதில் ஒரு கவனம் வேண்டும்: கிளை வரிகளின் கூட்டுத்தொகை தாய்த் தலைப்பில் ஏறும், அங்கே கையால் எழுதிய மதிப்பு ஏற்கெனவே இருந்தால் அது போய்விடும். தாய்க்கெனத் தனி மதிப்பீடு வேண்டுமானால் வேறு பெயரில் ஒரு புலம் வையுங்கள்.

மற்ற இடங்களில் இதன் மறுபக்கம் நடக்கும். தாயிலும் 120, அதன் கிளைகளிலும் மொத்தம் 120 என்று எழுதியிருந்தால், படிநிலை பார்க்காமல் கூட்டும் கிரிட் 240 என்று காட்டும். குழுவாக்கத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு வரிக்கு இரண்டு குறிச்சொல் இருந்து, குறிச்சொல்லால் குழுவாக்கினால் அது இரு குழுவிலும் தெரியலாம். குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்தத்தை மிஞ்சும். நகல் என்று எண்ணி ஒன்றை அழித்தால் இரண்டும் போகும், ஏனென்றால் இருப்பது ஒன்றுதான்.

தமிழ் உரையை வரிசைப்படுத்தும்போது அகராதி வரிசை வரும் என்று நம்ப வேண்டாம். மொழி விதி தெரியாத மென்பொருள் யூனிகோட் எண் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) வரிசையில் அடுக்கும். அதில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வருகிறது, ற என்பது ர-வுக்கு அடுத்தே, ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்பே. எனவே பனி முதலிலும் பயணம் பிறகும் நிற்கும்; அகராதியில் இது தலைகீழ். புள்ளியின் எண் எல்லா எழுத்துகளுக்கும் உயிர்மெய்க் குறிகளுக்கும் பின் வருவதால் படம் முந்திக்கொண்டு பட்டியல் பின்தங்கும். சில நூறு வரி இருந்தால் கண் தேடி அலுத்துவிடும். வரிசை முக்கியமான இடத்தில் 01, 02 என்று முன்னொட்டு எண் போடுவது அழகில்லைதான், ஆனால் வேலை செய்கிறது. வெறும் 1, 2 போதாது. உரைப் புலத்தில் 10 என்பது 2க்கு முன்னால் போய் நிற்கும்.

இதைவிட நுட்பமான ஒன்று: 'கொ' என்பதைக் கணினியில் இரு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றை ஒகரக் குறியாக ஒருவிதம். எகரக் குறியும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்து மாற்றிகளிலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் இரண்டாம் விதம் வரலாம். அப்போது 'கொள்முதல்' என்று ஃபில்டர் போட்டால் பாதி வரிகள் வராது. நிலை, சூழல், வகை போன்றவற்றைத் தட்டச்சு செய்யாமல் தேர்வுப் பட்டியலாக வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. தலைப்பில் வந்திருந்தால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி தட்டுங்கள்.

கடைசியாக ஏற்றுமதி. சிஎஸ்வி கோப்பு (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு) சில மென்பொருள்களில் அப்போது திறந்திருக்கும் பார்வையின் வரிகளையும் நெடுவரிசைகளையும் மட்டுமே எடுக்கும். மறைத்தவை வராது, தாய்-கிளை உறவும் வராது. எனவே காப்புக்கென்று ஃபில்டரே இல்லாத, எல்லாப் புலங்களும் திறந்த ஒரு கிரிட்டைத் தனியாக வைத்திருங்கள்; அதில் அடையாள எண்ணும் தாய் வரியின் எண்ணும் நெடுவரிசையாக இருக்கட்டும். கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து தமிழ் உடைந்து தெரிந்தால் தரவு கெட்டுவிட்டதாக நினைத்து அப்படியே சேமித்துவிடாதீர்கள். யுடிஎஃப்-8 குறியாக்கம் என்று அறிவிக்கும் முன்குறி கோப்பில் இல்லை, அவ்வளவுதான். தரவு மெனுவின் இறக்குமதி வழியாகப் போய்க் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் சரியாக வரும். வந்த பிறகு நீளமான குறிப்புள்ள ஒரு வரியையும் குறிப்புக்குள் வரிமுறிவுள்ள ஒரு வரியையும் கிரிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்டிருந்தால் அங்கேதான் வெட்டுப்பட்டிருக்கும்.