பேரேட்டில் இரண்டாம் பதிவு

திருச்சி பெரிய கடைவீதியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறேன். முதலாளி வாங்கிப் போட்டுப் பயன்படாமல் கிடந்த நீளப் பேரேடு ஒன்றை 2021இல் கேட்டு வாங்கி வந்தேன். அன்றிலிருந்து பார்க்கிற படங்களை அதில் பதிகிறேன். முதல்முறை பார்த்த இரவே நூற்றுக்கு இத்தனை என்று வரவில் போடுவேன். குறைந்தது ஆறு மாதம் கழித்து அதே படத்தை மறுபடியும் பார்ப்பேன். மதிப்பு இறங்கினால் பற்று, ஏறினால் இன்னொரு வரவு. கடைசிக் கட்டத்தில் பச்சை மையில் இருப்பு. பச்சையில் எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

கைப்பேசி வாங்கிய வாரத்தில் ஒருவர் சொல்வதையும், இரண்டு வருடம் சட்டைப்பையில் வைத்துத் தேய்த்தவர் சொல்வதையும் நாம் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. படங்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒரு திரில்லருக்கு 88 போட்டிருக்கிறேன். இன்றைக்கு அதன் கதாநாயகன் யார் என்று யோசித்தால்கூட நினைவுக்கு வரவில்லை.

முடிவு தெரிந்த பிறகு ஒரு படத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. ஆகவே முடிச்சுகளை அவிழ்க்காமல் எழுத முடியாது. கீழே வரும் படங்களை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்த எச்சரிக்கை என் அம்மாவுக்குப் பொருந்தாது. முடிவைக் கேட்காமல் அவர் எந்தப் படத்தின் முன்னாலும் உட்கார மாட்டார். "யார் செய்தது, அந்தக் குழந்தை பிழைக்குமா, அதை முதலில் சொல்" என்பார். சொன்னால்தான் வெற்றிலையைக் கையில் எடுப்பார். பல வருடம் இதை ஒரு குறையாக நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அம்மாவின் முதல்முறைதான் என் இரண்டாம்முறை என்பது பேரேடு தொடங்கிய பிறகே உறைத்தது.

நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' 2024 ஜூன் 14 அன்று வெளியானது. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். முதல் வாரமே பார்த்துவிட்டு 86 போட்டேன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவன் காவல் நிலையத்துக்கு வந்து, லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறான். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. அவன் அதைக் கண்டுபிடித்துத் தர லட்சக்கணக்கில் பணம் தருவதாகச் சொல்ல, நிலையமே அவனைப் பைத்தியக்காரன் என்று நினைக்கிறது. அரங்கில் சிரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அதே காட்சியில் சிரிப்பு வரவில்லை. அடித்தாலும் விரட்டினாலும் அந்த முகம் அசையாமல் நிற்கிறது. முதல்முறை வெகுளித்தனம் என்று நினைத்திருந்தேன். அவன் அங்கே எதற்காக வந்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு, அந்த அசையாத முகம் அடிவயிற்றைப் பிசைகிறது. அந்தக் காட்சிகளுக்காக இன்னும் நான்கு மதிப்பெண் கூட்டலாம்.

ஆனாலும் இருப்பு 71தான். வில்லனாக அனுராக் காஷ்யப் வரும் பகுதி வேறொரு காலத்தில் நடக்கிறது. படம் அதை இன்றைக்கு நடப்பதுபோல அடுக்கிவைத்திருக்கிறது. காவல் நிலையத்தில் மகாராஜா மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது, அவன் ஒரு தகப்பன். இந்தக் கால மறைப்பைச் செய்வதோ கதைக்குள் இருக்கும் ஆள் இல்லை, படத்தொகுப்பு மேசை. கதாபாத்திரம் மறைத்தால் அது அவருடைய சொத்து. இரண்டாம்முறை வட்டியோடு கைக்கு வரும். படம் மறைத்தால் அது பார்வையாளனிடம் வாங்கிய கைமாற்று. உண்மை தெரிந்த நிமிடமே கணக்கு தீர்ந்துவிடுகிறது, மறுபடி பார்க்கும்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பெண் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை அதிர்ச்சிக்காக இறுக்கிவைத்து இறுதியில் அவிழ்த்ததும் எனக்கு உறுத்தல். கடைசியில் அந்தப் பெண்ணே எதிரில் நின்று பேசுகிறாள். அது கொஞ்சம் ஈடுகட்டுகிறது, முழுதும் இல்லை.

'போர் தொழில்' எங்கள் ஊர்ப் படம் என்பதால் கொஞ்சம் பாசம் உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருச்சியில் நடக்கிற கதை. விக்னேஷ் ராஜாவின் முதல் படம், 2023 ஜூன் 9 அன்று வந்தது. சரத் பாபு அதற்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார். முதல்முறை அவரைத் திரையில் பார்த்தபோது, இவரா என்று திடுக்கிட்டேன். இரண்டாம்முறை திடுக்கிட ஒன்றும் இல்லை, அந்த மனிதரின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அசோக் செல்வனின் பயந்த, புத்தகப் படிப்பு மட்டுமே உள்ள பயிற்சி அதிகாரி இரண்டு முறையும் உயிரோடு இருக்கிறார். இறங்கியது கொலைகாரனின் இளமைப் பருவக் கதைதான். 2018இல் வந்த 'ராட்சச'னிலும் அப்படி ஒரு முன்கதை உண்டு. தொடர் கொலைகாரர்கள் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்து, ஒரே மாதிரி அடிவாங்கி வந்தவர்களாக இருக்கிறார்கள். 78, நான்கு பற்று, இருப்பு 74.

இனி என் பேரேட்டிலேயே அதிகம் ஏறிய படம். 'கிஷ்கிந்தா காண்டம்', மலையாளம், 2024 ஓணத்துக்கு வந்தது. தின்ஜித் அய்யத்தான் இயக்கம். கதை எழுதிய பாகுல் ரமேஷே ஒளிப்பதிவும் செய்திருக்கிறார். காட்டோரத்து வீடு, சுற்றிலும் குரங்குகள். தேர்தல் வருகிறது, உரிமம் பெற்ற துப்பாக்கிகளை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அப்புப் பிள்ளையின் துப்பாக்கி காணவில்லை. அவருடைய பேரனும் சில காலமாகக் காணவில்லை. புதிதாக வந்த மருமகளுக்கு மாமனாரின் நடவடிக்கைகள் மீது சந்தேகம்.

முதல்முறை நானும் அந்த மருமகளோடு சேர்ந்து துப்பறிந்தேன். கிழவர் தாள்களைக் கொண்டுபோய் எரிக்கிறார், யாரிடமும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, சரி இவர்தான் என்று நினைத்தேன். 80 போட்டேன். "கொஞ்சம் மெதுவாகப் போகிறது" என்று குறிப்பு வேறு.

உண்மையில் அவருக்கு நினைவு தவறிக்கொண்டிருக்கிறது. பேரனுக்கு என்ன ஆனது என்பதை அவரே துப்பறிந்து கண்டுபிடிக்கிறார், பிறகு மறந்துவிடுகிறார், மறுபடியும் முதலிலிருந்து தேடுகிறார். மகனுக்கு எல்லாம் தெரியும். அப்பாவைத் தடுக்காமல், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறான். இது தெரிந்த பிறகு படத்தைப் பார்த்துப் பாருங்கள். மகனாக வரும் ஆசிஃப் அலி முதல் பாதி முழுக்க ஒன்றுமே செய்யாததுபோலச் சுற்றிவருவார். இரண்டாம்முறை என் கண் அவர்மீதே இருந்தது. அப்பா ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிற்கிறார். இந்தக் கேள்வியை இதற்கு முன் எத்தனை முறை கேட்டிருப்பார் கிழவர் என்று எனக்குத் தோன்றிய இடம் அது. தேநீர் கையிலேயே ஆறிப்போனது. விஜயராகவன் தாளை எரிக்கும் இடத்தில் முதல்முறை குற்றத்தைப் பார்த்தேன். இப்போது தெரிந்தது வெட்கம். தான் மறப்பது அடுத்தவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்கிற ஒரு பட்டாளத்துக்காரரின் வெட்கம். மறைப்பது முழுக்க மனிதர்கள்தான், படம் எதையும் கைமாற்று வாங்கவில்லை. 13 வரவு, இருப்பு 93. "மெதுவாகப் போகிறது" என்ற குறிப்பின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அது நீல மை, அடிக்கலாம்.

திரில்லர் இரண்டாம்முறை குடும்பக் கதையாக மாறுவதற்கு இது சாட்சி. குடும்பக் கதை திரில்லராக மாறியதும் என் கணக்கில் உண்டு. பிரேம் குமாரின் 'மெய்யழகன்' (2024). திரையரங்கில் முழு நீளத்தோடு பார்த்தேன். சில நாளில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. 1996இல் வீட்டை இழந்து தஞ்சாவூரைவிட்டுப் போன அருள்மொழி, 22 வருடம் கழித்துத் தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒருவன் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் அருளுக்கு நினைவில் இல்லை, கேட்கவும் கூச்சம். முதல்முறை ஜல்லிக்கட்டுப் பேச்சையும் சோழர் பேச்சையும் கேட்டுவிட்டு, "அன்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது" என்று எழுதி 72 போட்டேன்.

இரண்டாம்முறை அந்தப் பெயர் மட்டுமே என் கவலையாக இருந்தது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே அவஸ்தை எனக்கும் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பவரின் பெயர் தெரியாமல், "வாங்க, வாங்க" என்று சமாளித்து, யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அரவிந்த் சாமியின் முகத்தில் அந்தத் திண்டாட்டம் ராத்திரி முழுக்க ஓடுகிறது. துப்பாக்கி எதிரே நிற்பவனுக்குக்கூட இவ்வளவு வியர்க்காது. வீட்டைக் காலி செய்தபோது விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள், கார்த்தியின் குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று தெரியவரும்போது, அந்த மனிதர் விடியும்வரை நிற்க முடியாமல் இருட்டில் ஓடிவிடுகிறாரே, அது முதல்முறை எனக்கு நாடகத்தனமாகப் பட்டது. இப்போது நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன் என்று தோன்றுகிறது. இருப்பு 84. பேச்சு நீளம்தான், அதில் என் கருத்து மாறவில்லை.

வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யைப் பற்றிச் சுருக்கமாக. பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் பூசாரியிடம் கூட்டிப்போகும் கதை. பின்னணி இசையே இல்லாத படம். கடைசிக் காட்சி முடிந்து எழுத்துகள் வந்ததும், நான் பார்த்த அரங்கில் ஒருவர் எழுந்து நின்று, "மீதிப் படம் எங்கே?" என்று சத்தம் போட்டார். எனக்கும் மனதுக்குள் அதே கேள்விதான். வீட்டில் மறுபடி பார்த்தபோது, ஆட்டோவைத் திருப்ப இடமில்லாமல் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் தூக்கித் திருப்பி வைக்கும் இடத்தில் நிறுத்தினேன். வழியை மறித்த காளையை ஒரு சிறுமி வந்து சும்மா கூட்டிக்கொண்டு போவதும் இதே படத்தில்தான். இத்தனை ஆண்கள், இவ்வளவு பலம், ஒரு ஆட்டோவைத் திருப்பத்தான் உதவுகிறது. 66இலிருந்து 81.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது 'உள்ளொழுக்கு'. கிறிஸ்டோ டோமி இயக்கியது, 71ஆவது தேசிய விருதுகளில் சிறந்த மலையாளப் படம். ஊர்வசிக்குத் துணை நடிகை விருது. குட்டநாட்டில் வெள்ளம். இறந்துபோன மகனைப் புதைக்கத் தண்ணீர் வடிய வேண்டும். அதுவரை மாமியார் ஊர்வசியும் மருமகளும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு ரகசியத்தோடு. "ஊர்வசிக்கு முன்னாலேயே தெரியுமா?" என்று வழக்கம்போல் கேட்டார். மகனின் நோயை மறைத்துத்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்று சொன்னேன். அம்மா படம் முழுக்க ஊர்வசியின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கைகளைத்தான் பார்த்தாராம். அதன் பிறகு நானும் அதைத்தான் பார்த்தேன். இருப்பு 90.

கடைசியாக 'ஆட்டம்'. ஆனந்த் ஏகர்ஷி இயக்கம், 70ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம். ஒரு நாடகக் குழுவில் பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். ஒரு விருந்து இரவில், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த அஞ்சலியை யாரோ தொட்டுவிடுகிறார்கள். பிறகு ஆண்கள் கூடி விவாதிக்கிறார்கள். வெளிநாட்டுப் பயண வாய்ப்பு ஒன்று வந்ததும், ஒவ்வொருவரின் நியாயமும் மெல்ல இடம் மாறுகிறது. முதல்முறை நான் அலசியது யார் என்பதை. மூன்று பேர் பெயரைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். இரண்டாம்முறை, யார் எந்த நிமிடத்தில் பின்வாங்குகிறார் என்பதை மட்டும் எண்ணினேன்.

அம்மாவை உட்காரவைத்தபோது சிக்கல் வந்தது. "யார் செய்தது?"

"படத்திலேயே சொல்ல மாட்டார்கள் அம்மா. அந்தப் பெண்ணே தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள்."

வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியென்றால் போடு" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, முடிவு தெரியாமல் ஒரு படம். மலையாளத்தில் புரியாத இடங்களை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆண்கள் கூடிப் பேசத் தொடங்கியதும், "இவளைப் பற்றித்தானே பேச்சு, இவளை ஏன் கூப்பிடவில்லை?" என்று ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. படம் முடிந்ததும் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். நான் 94 என்று பச்சையில் எழுதி மூடினேன்.

மறுநாள் காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், "அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தனாவது அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டானா?" என்றார்.

இரண்டு முறை முழுதாகப் பார்த்தவன், அம்மாவோடு சேர்த்தால் மூன்று. எனக்கு நினைவில்லை. மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பேரேட்டில் கட்டம் கிடையாது, ஓரத்தில் அந்த மூன்று பெயர்களுக்குக் கீழே பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.