டிராமடால்: ஆறாத இடுப்பு வலிக்கு இந்த மாத்திரை எந்த அளவு உதவும்?

டிஸ்க் விலகி, ஆபரேஷனும் முடிந்து, அதற்குப் பிறகும் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கும் வலி விடாதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாராசிட்டமால் எனக்குக் கேட்கவில்லை. மற்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. நரம்பு வலிக்கான மாத்திரையும் பிசியோதெரபியும் கொஞ்சம் கேட்டன. ஆனாலும் ஒரு பாடவேளை முழுக்கக் கரும்பலகை முன் நின்று கணக்குப் போட முடியவில்லை. அப்போதுதான் மருத்துவர் டிராமடால் பற்றிப் பேசினார். இது மார்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் அதைவிட வீரியம் குறைந்தது.

சீட்டு எழுதுவதற்கு முன் அவர் நிறையக் கேட்டார். எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேனா? தூக்க மாத்திரை, மது உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னார்களா? எதற்கும் காரணம் உண்டு. டிராமடால் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளையும் கூட்டுவதால், மன அழுத்த மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். இவற்றைக் கேட்காமல் ஒருவர் இந்த மருந்தை எழுதினால், நாமே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக அவர் கேட்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். "டீச்சர், இந்த மாத்திரை கேட்டால் உங்களால் எதைச் செய்ய முடியணும்?" ஒரு பாடவேளை நிற்கணும், புரண்டு படுக்கும்போது விழிப்பு வராமல் தூங்கணும் என்றேன். அதை அப்படியே என் கோப்பில் எழுதிக்கொண்டார். பத்துக்கு எத்தனை வலி என்று சொன்ன எண்ணை அதற்குக் கீழேதான் எழுதினார்.

முதலில் 50 மில்லிகிராம், இரவில் மட்டும். வலி மறைந்துவிடவில்லை. இருந்தது, ஆனால் அதையே நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை என்று ஆனது. தூக்கம் சீக்கிரமே சரியானது. அப்புறம் காலையிலும் ஒன்று சேர்த்தபோது பாடவேளை முழுக்க நிற்க முடிந்தது. பின்வரிசைப் பிள்ளைகளின் நோட்டை அவர்கள் பக்கத்திலேயே போய்ப் பார்க்க முடிந்தது. அதற்காக இந்த மாத்திரைக்கு நான் நன்றி சொல்வேன்.

தொல்லைகளும் உண்டு. ஆரம்பத்தில் குமட்டல், வாய் வறட்சி, உட்கார்ந்திருக்கும்போதே வியர்வை. இவை போகப் போகக் குறைந்தன. மலச்சிக்கல் மட்டும் குறையவே இல்லை. மூளையில் வலியை அடக்க மருந்து பிடித்துக்கொள்ளும் அதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றன, குடல் இதற்குப் பெரிதாகப் பழகுவதும் இல்லை. அதனால் மலமிளக்கியையும் முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள். நார்ச்சத்து மட்டும் போதாது. மந்தமாக இருக்கும் நாளில் வண்டி ஓட்டவே கூடாது.

என் சக ஆசிரியர் ஒருவருக்கு இதே மாத்திரை துளியும் கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் டிராமடாலை வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. பிறவியிலேயே அது குறைவாக வேலை செய்பவர்களுக்குப் பலன் குறைவு. வேகமாக வேலை செய்பவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும்.

சரி, வருடக்கணக்கில் எடுக்கலாமா? 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை மருத்துவர் விளக்கினார். நாள்பட்ட முதுகுவலியோ, இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மானமோ உள்ள 240 பேரை 12 மாதம் கவனித்தார்கள். பாதிப்பேருக்கு மார்பின், அதே குடும்பத்து ஆக்சிகோடோன் போன்ற வீரியமானவை, மீதிப்பேருக்கு வேறு மருந்துகள், ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது என்று படிப்படியாக. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. வலி, வேறு மருந்து எடுத்தவர்களுக்கே சற்றுக் குறைவு. அந்தப் பக்கத்தின் கடைசிப் படியில் டிராமடாலும் இருந்தது, அதனால் அதை டிராமடாலுக்கு எதிரான தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்னும் வீரியமான மாத்திரைக்குப் போனால் இன்னும் நன்றாக வாழலாம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. எனக்கும் சில மாதங்களில் அதே அளவு முன்போல் கேட்கவில்லை. அவர் கூட்டித் தரவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கூட்டக் கூட்ட உடல் அதற்கும் பழகும், சிலருக்கு வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு.

இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. பழகிய உடலுக்குத் திடீரென நிறுத்தினால் மூக்கொழுகல், வியர்வை, தூக்கமின்மை, இருப்புக்கொள்ளாமை எல்லாம் வரும். மார்பின் குடும்பத்து மருந்துகளை நாள்பட்ட வலிக்கு எழுதுவது பற்றி அமெரிக்காவில் 2016இல் வந்த வழிகாட்டுதலைச் சிலர் கண்மூடித்தனமாகப் பின்பற்றி, நோயாளிகளின் மருந்தை ஒரேயடியாக வெட்டினார்கள். 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது. 2022இல் வழிகாட்டுதலும் திருத்தப்பட்டது. வலியோடு இருப்பவரைக் கைவிடுவதும் தீங்குதான். புற்றுநோய் வலியில் இருப்பவர்கள் என் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அங்கே நன்மை தீமையின் எடையே வேறு.

நான் படிப்படியாகக் குறைத்து, இப்போது வலி முற்றும் நாட்களில் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் எடுக்கிறேன். தினசரி வேலையை நடையும் உடற்பயிற்சியும் நரம்பு மாத்திரையும் பார்த்துக்கொள்கின்றன.

வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மெதுவாகக் கரையும் வகையும் சாதாரண வகையும் ஒரே பெயரில் வருகின்றன. மெதுவாகக் கரைவதை உடைத்தோ நசுக்கியோ விழுங்கினால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே சமயத்தில் உடலில் இறங்கிவிடும். கடையில் வேறு அட்டை கொடுத்தால் எந்த வகை என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.