ஏரிக்கரை கண்ணாடி ஹால்ல டிசம்பர் கல்யாணம்: எங்க அனுபவம்

அக்கா கல்யாணம் போன டிசம்பர் மூணாவது வாரம் நடந்துச்சு. ஹால் தேடுனதுல இருந்து கடைசி நாள் சாவிய திருப்பி குடுத்த வரைக்கும் நான்தான் அலைஞ்சேன், அதனால குளிர்காலத்துல கல்யாணம் வைக்கலாம்னு இருக்கறவங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன். ஹால் பேரு வேணாம். வடக்கே ஒரு குளிர் நாட்டுல ஏரிக்கரைல இருக்கு, மூணு பக்கம் கண்ணாடி சுவரு, ரெண்டு மாடி உசரத்துக்கு சீலிங், வெளிய ஒரு புல்வெளி, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

நாங்க இந்த ஹால பாத்தது ஜூன் மாசம். பிரச்சனை எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஏழு மணி, ஏரித்தண்ணி மேல வெயில் தகதகன்னு விழுது, அம்மா உள்ள கால வச்சதுமே "இதான்டி, வேற எங்கயும் போக வேணாம்"னுட்டாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அதே ஏழு மணிக்கு டிசம்பர்ல நின்னா ஏரிய காணோம், கண்ணாடி பூரா கறுப்பா இருக்கு, அதுல நம்ம மூஞ்சிதான் தெரியுது. நாலரைக்கெல்லாம் இருட்டிருச்சு. வடக்கு பாதி பூமில டிசம்பர் 21, 22 வாக்குலதான் வருஷத்துலயே சின்ன பகல், தெற்கு பாதில அது ஜூன்ல வரும். 40 டிகிரி அட்சரேகைல அன்னிக்கு 9 மணி நேரம் சொச்சம்தான் பகல், 50ல 8 மணி நேரம், 60ல 6 கூட முழுசா தேறாது. வியூவுக்காக கூடுதலா பணம் குடுக்கறோம்னா அன்னிக்கு சூரியன் எப்ப மறையுதுன்னு பாக்காம அட்வான்ஸ் குடுத்துராதீங்க. நாங்க ஒரு மாசம் முன்னாடிதான் முழிச்சுக்கிட்டு சாயங்காலம் வச்சிருந்தத எல்லாம் காலைக்கு மாத்துனோம், அதுக்கு ஹால்காரங்க ஒரு வார்த்தை முகம் சுளிக்காம ஒத்துக்கிட்டாங்க, அது பெரிய உதவி.

காலைக்கு மாத்துனப்புறம் வெளிச்சத்துக்கு ஃபுல் மார்க் குடுப்பேன். குளிர்காலத்துல மத்தியானம் கூட சூரியன் தாழ்வாத்தான் இருக்கும், வெயில் உச்சந்தலைல விழாம பக்கவாட்டுல சாஞ்சு வருது, கண்ணுக்கு கீழ நிழல் கட்டல, போட்டோ ஒண்ணொண்ணும் அவ்ளோ அழகு.

இப்ப குளிருக்கு வர்றேன். ஹீட்டிங் எப்படின்னு கேட்டப்ப மேனேஜர் "ஆளுங்க வந்துட்டா தானா சூடாயிரும் மேடம்"னாரு. அது பொய் இல்ல. சும்மா உக்காந்திருக்கற ஒரு ஆள் உடம்புல இருந்தே சுமாரா 100 வாட் சூடு வெளிய வரும், 200 பேருன்னா 2 கிலோவாட் ஹீட்டர் பத்து சேந்து ஓடற மாதிரி. ஆனா அந்த 200 பேரும் வர்றதுக்கு முன்னாடி வந்து உக்கார்றது யாரு? வயசானவங்கதான். எங்க பாட்டி எட்டு மணிக்கு முன்னாடியே முதல் வரிசைல உக்காந்தாச்சு, ரெண்டு ஷால் போத்தியும் விரலெல்லாம் வெறச்சு போச்சு. வெந்நீர் கொண்டாந்து குடுத்தேன், அத குடிக்கல, டம்ளர ரெண்டு கையாலயும் பொத்தி மடில வச்சிக்கிட்டாங்க, ஆறுனதும் என்கிட்ட நீட்டி "மாத்தி கொண்டா கண்ணு"ன்னாங்க. மூணு தடவ மாத்துனேன். எனக்கு அந்த ஹால்ல மறக்க முடியாதது அதுதான், இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

சீலிங் உசரமா இருந்தா சூடு காத்து மேல போய் நின்னுக்கும், கீழ உக்காந்திருக்கறவங்களுக்கு எதுவும் வராது. அங்க மெயின்டனன்ஸ் பாக்கற ஒரு அண்ணன்தான் பெரிய ஃபேன் ரெண்டையும் ரிவர்ஸ்ல மெதுவா ஓட விட்டாரு, மேல தேங்குன சூடு சுவரோரமா கீழ இறங்கி அரை மணி நேரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. காலைல அஞ்சு மணிக்கே ஹீட்டர போட்டு இதையும் பண்ணிருந்தா பாட்டிக்கு அந்த கஷ்டமே இல்ல. எத்தனை மணிக்கு ஹீட்டர் ஆன் பண்ணுவீங்கன்னு கேட்டு அத அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிருங்க. நாங்க வெளிய இருந்து கொண்டு போன எக்ஸ்ட்ரா ஹீட்டர் ரெண்டையும் ஒரே லைன்ல போட்டதும் ட்ரிப் ஆயிருச்சு, எந்த பிளக் எவ்ளோ தாங்கும்னும் முன்னாடியே கேக்கணும்.

கண்ணாடி சிங்கிள் கண்ணாடி. கூட்டம் ஏற ஏற எல்லாரோட மூச்சுக்காத்தும் அதுல படிஞ்சு தண்ணியா வழிய ஆரம்பிச்சுது, ஓரத்துல தரையெல்லாம் ஈரம். ஒரு அக்கா காலைல இருந்து மாப்ப கீழ வைக்கவே இல்ல, அவங்க இல்லன்னா யாராச்சும் வழுக்கி விழுந்திருப்பாங்க. டபுள் கண்ணாடின்னா இவ்ளோ வழியாது.

ரொம்ப கோவம் வந்தது டென்ட் விஷயத்துல. புல்வெளில போட்ட டென்ட்டுக்கு காத்து அடிக்குதுன்னு டெக்கரேஷன் ஆளுங்க நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் கட்டி உள்ள கேஸ் ஹீட்டர் நாலு பத்த வச்சிட்டாங்க. கொஞ்ச நேரத்துல சித்தி பசங்க ரெண்டு பேரு தலை வலிக்குதுன்னு வெளிய வந்தாங்க. நான் ஓடிப்போய் எல்லாத்தையும் அணைக்க சொல்லி, எல்லாரையும் வெளிய அனுப்பி, ரெண்டு பக்கம் ஷீட்ட கிழிச்சே எடுத்துட்டேன். அடைச்ச இடத்துல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தலைவலி குமட்டல்ல ஆரம்பிச்சு உயிரே போயிரும். காத்துல வந்ததும் பசங்க சரியாயிட்டாங்க. ஆனா வாடகை வாங்குற ஹால்காரங்க இத கண்காணிக்கணும், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. டென்ட் வேணும்னா எலெக்ட்ரிக் ஹீட்டர் போடுங்க, இல்ல எரியற பர்னர வெளிய வச்சு சூடு காத்த மட்டும் குழாய்ல உள்ள விடற மாதிரி போடுங்க.

கோட்டு மாட்ட தனி ரூம் இருந்துச்சு, பார்க்கிங்ல இருந்து வாசல் வரைக்கும் கூரை போட்டிருந்தாங்க, ரெண்டும் நல்ல விஷயம். போட்டோகிராபர் வெளிய இருந்து உள்ள வந்ததும் லென்ஸ் பனி மூடி பத்து நிமிஷம் சும்மா நிக்க வேண்டியதா போச்சு, குளிர்ல பேட்டரியும் சீக்கிரம் இறங்குது, அதனால ஸ்பேர கோட்டு உள்பாக்கெட்லயே வச்சிருந்தாரு.

5க்கு 3 குடுக்கறேன். அந்த 3ம் வேலை செஞ்ச ஆளுங்களுக்கும் வெளிச்சத்துக்கும். பகல் கல்யாணம், வயசானவங்க கம்மின்னா தாராளமா எடுக்கலாம். அடுத்த ஜனவரி சித்தி பொண்ணுக்கு கல்யாணம், அதுக்கு ஹால் பாக்க இந்த குளிர்லயே காலைல ஏழு மணிக்கு போறோம். பாட்டியையும் கூட்டிட்டு போறேன், அவங்க அரை மணி நேரம் உக்காந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் அட்வான்ஸ்.