ஊட்டி மேட்டுக்கு 25 போதுமா, 90 வேண்டுமா?

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிற ஊட்டிக்காரர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீடு மேட்டிலா, பள்ளத்திலா?"

கடைகளில் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். லைசென்ஸும் பதிவும் தேவையில்லாத, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத 250 வாட் வண்டி ஒன்று. டிவிஎஸ் ஐக்யூப் போல 78 வரை போவது இன்னொன்று. அப்புறம் ஏத்தர் 450எக்ஸ் போல 90 தொடுவது.

முதல் வகையை வேகம் குறைவு என்று நான் ஒதுக்கவில்லை. சேரிங் கிராஸ் நெரிசலில் யாராக இருந்தாலும் 25, 30-ல்தான் ஊர்கிறார்கள். சிக்கல் இழுவையில்தான். வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ, நூறு அடிக்குப் பத்தடி உயரும் மேடு என்று வையுங்கள். 250 வாட்டையும் முழுசாகக் கொடுத்தாலும் மணிக்கு 6 கி.மீ.தான் ஏறும். அது நடக்கிற வேகம். பின்னால் பிள்ளையை உட்கார வைத்தால் இன்னும் குறையும். மேட்டுப்பாளையம் கடைவீதிக்கு இந்த வண்டி நன்றாகவே உதவும். நம் ஊர்ச் சந்துகளுக்கு வேண்டாம்.

அதே மேட்டில் இரண்டு பேரோடு 40-ல் ஏற மூன்று கிலோவாட்டை ஒட்டிய சக்தி வேண்டும். ஐக்யூபின் மோட்டார் உச்சத்தில் 4.4 கிலோவாட் தரும். ஏத்தர் 450எக்ஸ் 6.4. இரண்டுமே ஏறிவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் வண்டிக்கு மூச்சு வாங்கும். மோட்டாருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சரி, அந்த 90-ஐ எங்கே ஓட்டுவது? எல்லநள்ளி, கேத்தி, அருவங்காடு என்று குன்னூர் வரை சுமார் 18 கி.மீ. முழுக்க வளைவுதான். சராசரி 30 கிடைத்தாலே பெரிது. இரண்டு வண்டியும் 36 நிமிடத்தில் போய்ச் சேரும். பனிமூட்டம் இறங்கினால் அதுவும் இல்லை. கூடுதல் பணம் வாங்கித் தருவது இழுவையை மட்டுமே. அடிக்கடி மேட்டுப்பாளையம் போய் வருகிறவர்களுக்கு அது பயன்படும். அங்கிருந்து குன்னூர் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். ஒரே ஆள் ஓட்டினாலும், மேலே தூக்குவதற்கு மட்டுமே முக்கால் யூனிட்டுக்கு மேல் போகும்; 3.4 யூனிட் பேட்டரியில் ஏறக்குறைய கால் பங்கு.

இறக்கத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் கவலை. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்பும். ராத்திரி முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் குன்னூருக்கு இறங்கினால், நிறைந்த பேட்டரி அதை வாங்காது. பாரம் முழுக்க பிரேக்கில் விழும். மேட்டில் வீடு இருந்தால் 85, 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி தரும் தூரமும் குறையும். அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊருக்குள் வேலைக்குப் போய் வர எனக்கு 78 வகையே போதும். எதை வாங்கினாலும் ஓட்டிப் பார்க்க சமதளத்தில் போகாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வண்டி ஏற வேண்டிய செங்குத்தான சந்துக்கே, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போங்கள். பாதி மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள்.