மாஸ்டர்ஸா, பிஎம்பியா, எம்பிஏவா? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

திட்ட மேலாண்மையில் மாஸ்டர்ஸ் படிக்கலாமா, பிஎம்பி என்ற சான்றிதழ்த் தேர்வு போதுமா, எம்பிஏ நல்லதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, கையில் எந்தப் பட்டம் இருக்கிறது என்பதைத்தான். பத்து வருட அனுபவத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் பாதி முடிவு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடுகிறது.

இங்குள்ள தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்றாண்டு பி.காம். போன்ற இளநிலைப் பட்டம் 7-ஆம் நிலை. ஆனர்ஸ் பட்டமும் முதுநிலைப் பட்டயமும் 8-ஆம் நிலை. மாஸ்டர்ஸ் 9. ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவ வழக்கமாக விடமாட்டார்கள். அனுபவத்தைப் படிப்புக்கு ஈடாக ஏற்கும் ஆர்பிஎல் என்ற வழி பல்கலைக்கழகங்களில் உண்டு. அது விதிவிலக்குதான், அதை நம்பி யாரும் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்காக ஜோஹானஸ்பர்க் பக்கம் மிட்ராண்டுக்கும் சான்ட்டனுக்கும் வந்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை கூடுதல்: தங்கள் சான்றிதழ்களைச் சாக்வா என்ற தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்திடம் கொடுத்து மதிப்பீடு வாங்க வேண்டும். ஊரில் வாங்கிய பட்டம் இங்கே எந்த நிலையில் உட்காரும் என்பதை அந்த ஒரு தாள்தான் சொல்லும். மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய வாரம் இதைத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. திட்டமிடுவதைப் பற்றித்தானே படிக்கப் போகிறார்கள்!

எட்டாம் நிலை கைவசம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப மேலாண்மைப் பட்டப்பள்ளி நடத்தும் திட்ட மேலாண்மை மாஸ்டர்ஸ் பொறியியல் புலத்தின் கீழ் வருகிறது; அதன் வாடையும் பொறியியல் வாடைதான். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இதைக் கட்டுமானப் பொருளியல் மற்றும் மேலாண்மைத் துறை நடத்துகிறது. பெயரில் ஒன்றாக இருந்தாலும், ஒன்று ஆலை, அமைப்பு, தொழில்நுட்பம் என்று யோசிக்கிறவர்களின் இடம். மற்றது கட்டடம், நிலம், முதலீடு என்று யோசிக்கிறவர்களின் இடம். டர்பன்காரர்களுக்குத் தூரமும் ஒரு கணக்கு. பிரிட்டோரியா அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், என்-3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறிப் போக வேண்டும். கேப் டவுனுக்கு விமான டிக்கெட்தான் வழி. தைப்பூசக் காவடிக்கும் வகுப்பு வாரத்துக்கும் தேதி மோதினால் எதை விடுவது என்பதை வீட்டில் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு க்ரேன்ஃபீல்ட் கல்லூரி இருக்கிறது. திட்ட மேலாண்மையையே தன் தனித்துறையாகக் கொண்ட தனியார் நிறுவனம். தொலைநிலையில் மாஸ்டர்ஸும் நடத்துகிறது. தனியார் என்றதும் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே அதிகம். பட்டம் தேசியச் சட்டகத்தில் பதிவானதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். கட்டடத்தின் தூண்களை எண்ணிப் பயனில்லை. ஆனால் தொலைநிலையில் ஒரு குறை உண்மையாகவே உண்டு: இரவு பதினொரு மணிக்கு ஆய்வேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கமாட்டார்.

அந்த ஆய்வேடுதான் மாஸ்டர்ஸை முதுநிலைப் பட்டயத்திலிருந்தும் பிஎம்பியிலிருந்தும் பிரிக்கிறது. விதிப்படி மாஸ்டர்ஸுக்குக் குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு. வகுப்பும் ஆய்வும் கலந்த பொதுவான மாஸ்டர்ஸில் குறைந்தது 60 கிரெடிட் ஆய்வுக்கு. அதாவது 600 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினாலும் அறுபது வாரம் ஆகும். பாடங்களை எல்லாம் நல்ல மதிப்பெண்ணில் முடித்துவிட்டு, இந்த அறுபது வாரத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனவர்களை நான் அறிவேன். அவர்களில் சோம்பேறி ஒருவரும் இல்லை.

என் அக்கா மகன் துறைமுகப் பக்கம் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்தபோது என்னிடம் கொண்டுவந்து காட்டினான். இருபது பக்கம். சரக்குப் பெட்டிகள் ஏன் தாமதமாகின்றன, எந்தக் கிரேன் எப்போது பழுதானது, யார் கையெழுத்துக்காக எது காத்துக்கிடந்தது என்று அவ்வளவும் இருந்தது. முதல் பக்க ஓரத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பில் ஒரே வரி எழுதியிருந்தார்: “இது நல்ல அறிக்கை. ஆய்வுக் கேள்வி எங்கே?” “மாமா, நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேனே, இன்னும் என்ன கேட்கிறார்?” என்றான். தளத்தில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுதான். நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏன் அப்படி நடந்தது, வேறு இடத்திலும் அப்படித்தான் நடக்குமா என்று கேட்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். மெடுபி அனல்மின் நிலையத்தின் கட்டுமானம் 2007-ல் தொடங்கியது. ஆறு அலகுகளில் கடைசியானது வணிக உற்பத்திக்கு வந்தது 2021 ஜூலை முடிவில். இடையில் வேலைநிறுத்தங்கள், கொதிகலன் பற்றவைப்பில் குறைகள், ஏறிக்கொண்டே போன செலவு. அதே நாட்டில்தான் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால், 2010 மே 1-ஆம் தேதி, நம் டர்பனுக்கு வடக்கே கிங் ஷாகா விமான நிலையம் திறந்தது. ஒன்று ஏன் இழுத்தது, மற்றது ஏன் முடிந்தது? தள்ளிவைக்க முடியாத தேதி ஒன்று இருந்ததால் மட்டும்தானா? இப்படிக் கேட்க விரும்புகிறவருக்கு மாஸ்டர்ஸ் பொருந்தும்.

பிஎம்பி கேட்பது வேறு. வாடிக்கையாளர் நடுவில் வந்து மாற்றம் கேட்கிறார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று அது கேட்கும். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு நடத்தும் தேர்வு, 180 கேள்விகள். நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடான படிப்பு இருந்தால் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் போதும். பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு 60 மாதம். இரு தரப்புக்கும் 35 மணி நேரப் பயிற்சி வேண்டும். தகுதிச் சட்டகம், சாக்வா எதுவும் குறுக்கே வராது. கட்டணம் டாலரில் என்பதால் ராண்ட் சரிந்த மாதத்தில் கட்டினால் வலிக்கும். வாங்கிய பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 பயிற்சிப் புள்ளிகள் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மாஸ்டர்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜோஹானஸ்பர்க்கில் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை தேடுகிறவர் முதலில் பிஎம்பி எழுதுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. பிரின்ஸ்2 என்று இன்னொரு திட்ட மேலாண்மைச் சான்றிதழும் உண்டு, பிரிட்டனில் பிறந்தது. நிறுவனம் கேட்டால் படியுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே இரண்டாம்பட்சம். 2000-ஆம் ஆண்டின் 48-ஆம் சட்டத்தின் கீழ் அமைந்த, திட்ட மற்றும் கட்டுமான மேலாண்மைத் தொழில்களுக்கான தென்னாப்பிரிக்க மன்றத்தில் பதிவு பெறுவதுதான் அவர்களுக்குப் பிரதானம். பிஎம்பி அதற்கு மாற்று ஆகாது. மாஸ்டர்ஸ் உதவலாம், ஆனால் அந்தப் படிப்பை மன்றம் அங்கீகரித்திருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பு மன்றத்திடமே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை அலுவலகத்தின் வாய்வார்த்தை போதாது.

பிறகு எம்பிஏ. நம் குடும்பங்களில் மாஸ்டர்ஸின் உண்மையான போட்டியாளர் இதுதான், ஏனென்றால் பெரியப்பாவுக்கும் அந்த மூன்றெழுத்து புரியும். டர்பனில் மான்கோசா, ரீஜன்ட், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் என்று வீட்டுப் பக்கத்திலேயே இடங்கள். அதுவும் 9-ஆம் நிலைதான். அதற்கும் எட்டு வேண்டும். திட்டங்களை நடத்தி அலுத்துப்போய் நிறுவனத்தை நடத்த நினைப்பவர் எம்பிஏவுக்குப் போகட்டும். திட்டங்களிலேயே இன்னும் பத்து வருடம் இருக்கப் போகிறவருக்கு, சந்தையியலும் கணக்கியலும் படிக்கும் அந்த மாதங்கள் வீண்.

மூன்றாண்டுப் பட்டத்தோடு வருகிற இருபத்தெட்டு வயதுக்காரருக்கு நான் சொல்வது, திட்ட மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம். 120 கிரெடிட், 8-ஆம் நிலை. மாஸ்டர்ஸ், எம்பிஏ இரண்டின் கதவும் அதில் திறக்கும்; இடையில் பிஎம்பி எழுதிக்கொள்ளலாம். அந்த ஓராண்டில், ஆய்வுக் கேள்வி ஒன்று மனதில் கிடந்து அரிக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அரிக்காவிட்டால் மாஸ்டர்ஸ் வேண்டாம். அக்கா மகன் தன் கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டான், அதனால் தொடர்கிறான். அவன் தம்பிக்குப் பிஎம்பியே போதும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கட்டணத்தை முதலாளி கட்டுகிறார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். படிப்பு முடிந்த பின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். ஆய்வேடு ஓராண்டு தள்ளிப்போனால் அந்தக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.