‘12 வோல்ட்’ என்று விற்கும் குட்டி சிக்னல்கள்: இணைக்கும் முன் சோதியுங்கள்

மாடல் ரயில் லேஅவுட்டுக்கு எரியும் சிக்னல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. ‘ஹெச்ஓ அளவு, மூன்று விளக்கு, 12 வோல்ட்டில் நேரடியாக இணைக்கலாம்’ என்று போட்டிருந்ததை (ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு) நம்பி வாங்கிய ஐந்தில் மூன்று, கரண்ட் கொடுத்ததுமே போய்விட்டன. சிவப்பு பளீரென்று எரிந்து, ஆரஞ்சாக மாறி, அணைந்தது. பிரித்துப் பார்த்தால் கம்பத்துக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரே இல்லை. விற்றவரிடம் கேட்டால் ‘நீங்கள்தான் தப்பாக இணைத்திருப்பீர்கள்’ என்கிறார். கம்பியை வெட்டிவிட்டதால் திரும்ப எடுக்கவும் மாட்டாராம்.

இணைப்பில் தப்பில்லை. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். மீதி 10 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 10 மில்லி ஆம்பியர் ஓடும். சிக்னலுக்கு அதுவே அதிகம், டார்ச் அடித்த மாதிரி கண் கூசும். 3.3 கிலோ ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியர். பார்க்க இதமாக இருக்கும். பச்சை பெரும்பாலும் இதிலும் தூக்கலாகத் தெரியும், 10 கிலோ ஓம் வரை ஏற்றிப் பாருங்கள்.

சில பாக்கெட்டுகளில் ரெசிஸ்டர் இருக்கும், ஆனால் சிக்னலுக்கு ஒன்றுதான். அதை எல்லா விளக்குகளுக்கும் சேர்ந்த பொதுக் கம்பியில் போடச் சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் ஒப்பேறும். இரண்டு நிறம் சேர்ந்து எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும்; 3 வோல்ட் கேட்கிற பச்சை எரியாது. எல்இடி செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர், அதன் தனிக் கம்பியில்.

டிசிசி (ரயிலை டிஜிட்டலாக இயக்கும் முறை) தண்டவாளத்திலிருந்து நேராக மின்சாரம் எடுக்கவே வேண்டாம். அங்கே மின்சாரம் திசை மாறி மாறி வரும். பெரும்பாலான குட்டி எல்இடிகள் தலைகீழாக 5 வோல்ட்தான் தாங்கும். சிக்னலுக்குத் தனி 12 வோல்ட் டிசி அடாப்டர் வைத்துக்கொள்வதே நல்லது.

‘ஹெச்ஓ, என் (N) இரண்டுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 5 மீட்டர் கம்பம் ஹெச்ஓவில், அதாவது 1:87-இல், 57 மில்லிமீட்டர். ‘என்’ அளவான 1:160-இல் 31 மில்லிமீட்டர். ஒரே கம்பம் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்? 3 மில்லிமீட்டர் எல்இடியை ‘என்’ அளவில் வைத்தால் அரை மீட்டர் அகல விளக்கு ஆகிவிடும். அதற்கு 0603 என்ற குட்டி எல்இடி வேண்டும்: நீளம் 1.6, அகலம் 0.8 மில்லிமீட்டர்.

பொருள் கைக்கு வந்ததும் கம்பியை வெட்டாமல் செய்ய வேண்டிய சோதனை இது. 12 வோல்ட் டிசியோடு வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்துச் சிவப்பை எரியவிடுங்கள். எரியவில்லை என்றால் பிளஸ், மைனஸை மாற்றிப் பிடியுங்கள். அப்போதும் எரியாவிட்டால் கம்பி முனையில் எனாமல் பூச்சு போகாமல் இருக்கும், லேசாகச் சுரண்டுங்கள். எரியும்போது சிக்னலின் இரு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 2 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை. 1 கிலோ ஓம் இருந்தால் கிட்டத்தட்ட 3.7 காட்டும். மீட்டர் எண்ணும் வெட்டாத கம்பியும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, திருப்பி அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.